ஈரப்பதம்

கருவி பொய் சொல்வதில்லை.
ஒரு பிடி நெல்லை வாயில் வாங்கி
கொஞ்சம் யோசித்து
பதின்மூன்று தசம் இரண்டு என்கிறது.
சோதிலிங்கம் அண்ணன் அதைத் தன் பக்கம் திருப்பி வைத்து
'பதினாறு' என்று கத்துகிறார்.
நான் பதினாறு என்று எழுதுகிறேன்.
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு.

மூத்ததம்பி ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்கிறார்.
டக்கென்று உடைகிறது.
காய்ந்த நெல்லின் சத்தம்
எனக்குக் கேட்டது, தராசுக்காரனுக்குக் கேட்டது,
மூட்டை தைக்கிற இரண்டு பொடியன்களுக்கும்.
'ராவு பனி பெஞ்சதுதானே' என்றார் அவரே,
எங்களுக்கு உதவியாக.

வெல்லாவெளிக் களஞ்சியத்தில் ஐந்து பேர் வேலை.
கழிந்த கிலோக்கள் எந்த இரவு
எந்த லொறியில் ஏறுகின்றன என்று
நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.
பேசாமலிருக்க நல்ல பழக்கம் வேண்டும்.
ஒருவர் தேத்தண்ணி ஊற்றுவார்,
ஒருவர் கிரிக்கெட் எடுப்பார்,
மறுகா வேலை.

முறைப்பாட்டுப் பெட்டி ஒன்றும் சுவரில் உண்டு.
அதன் திறப்பு
களஞ்சியத் திறப்போடு ஒரே வளையத்தில்
சோதிலிங்கம் அண்ணனின் இடுப்பில்.
உள்ளே பல்லி முட்டையிட்டிருப்பதாக
அவர்தான் ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார்.

கெட்ட மனிதராக இருந்திருந்தால்
எவ்வளவு சுகம்.
கார்த்திகை வெள்ளத்தில் பாதை ஓடாத அன்று
என் மகனுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று போன் வந்தது.
யாரோ ஒருவரின் தோணியை அவிழ்த்து
தானே சவள் போட்டு
மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு
என்னைக் கரை சேர்த்தவர் அவர்.
அன்று நனைந்த சேட்டோடு ஆசுபத்திரி வாசலில் நின்றார்
இரத்தம் தேவைப்பட்டால் என்று.

பங்குனியில் தலைமையகத்திலிருந்து அஸ்மி சேர் வந்தார்.
கொப்பிகளைப் புரட்டினார்.
'ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கா?'
ஐந்து பேரும் மின்விசிறியைப் பார்த்தோம்.
கரண்ட் இல்லை, அது சுற்றவில்லை,
ஆனாலும் பார்த்தோம்.

துணிவு என்று இதை யாரும் சொல்லவேண்டாம்.
அன்று காலையில்
மூட்டையின் வாய் அவிழ்க்க முன்னமே
மூத்ததம்பி கேட்டிருந்தார்:
'இந்தமுறை எவ்வளவு எழுதப்போறீங்க, தங்கச்சி?'
கத்தியவரை அவர் கேட்கவில்லை.
எழுதுகிறவளைக் கேட்டார்.

ஜீப் கிறுகும்போது ஓடிப்போய்க் கொடுத்தேன்
மகனின் பழைய கணக்குக் கொப்பியை.
கடைசிப் பக்கங்களில் பென்சிலால்
நாற்பத்தொரு நாள்:
இடப்பக்கம் கருவி சொன்னது
வலப்பக்கம் நான் எழுதியது.
வலப்பக்கத்துக் கையெழுத்துத்தான்
கொஞ்சம் வடிவாக இருந்தது.

அவரை நிறுத்திவைத்தார்கள், விசாரணை முடியும்வரை.
எனக்கும் ஒரு கடிதம் வந்தது, விளக்கம் கேட்டு.
'அவரிட்டயே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் கா,' என்றான் தராசுக்காரன்.
சொல்லியிருக்கலாம்.
அவனும் சொல்லியிருக்கலாம்.
தேத்தண்ணி நான்கு கோப்பையாகச் சுருங்கும் என்று நினைத்தேன்,
மூன்றாகச் சுருங்கியது.
மூத்ததம்பியோ முழுக்காசையும் எண்ணி மடியில் கட்டிக்கொண்டு
'பாவம் அந்த மனிசன், மூண்டு பொம்புளப் புள்ளையள்' என்று
என் முகத்தைப் பாராமல் போனார்.

இன்று விசாரணை. அவரும் வரவேண்டும்.
காலைப் பாதையில் ஆறு மோட்டார் சைக்கிள்,
ஒரு ஆடு, பள்ளிக்கூடத்து ரீச்சர்மார்,
அந்த முனையில் அவர், இந்த முனையில் நான்.
வாவி அசையாமல் கிடந்தது.
பாதைக்காரன் காசு வாங்க வந்தபோது
'ரெண்டு பேருக்கும்' என்று நீட்டினார்,
வழக்கம்போல.
அது மறதியா, வேறு ஏதுமா
எனக்குத் தெரியவில்லை.
பிறகு அங்கிருந்தே, தண்ணீரைப் பார்த்தபடி,
'மகன் சுகமா?'

'ஓம்' என்றேன்.
கரைக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது.